தொலைந்த குழலுக்குப் பதில் எந்தக் குழல்?



பென்சில் தொலைந்தால் பெட்டிக்கடையில் இன்னொன்று வாங்கிவிடலாம். பழைய பென்சிலை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஆனால், ஆசை ஆசையாக ஊதிப் பழகிய புல்லாங்குழல் தொலைந்துவிட்டால்? "போனால் போகட்டும், வேற வாங்கிக்கலாம்" என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். அது அவ்வளவு எளிதா? இல்லை என்பதுதான் என் கருத்து. அதற்காக, முடியாத காரியமும் அல்ல!

பென்சில் தொழிற்சாலையில் செய்யப்படுவது. ஒன்றைப் போலவே மற்றொன்று இருக்கும். குழல், மூங்கிலில் செய்யப்படுவது. ஒரு மூங்கிலின் தடிமனும் உள் அகலமும் இன்னொரு மூங்கிலுக்கு இருக்காது. ஆகவே, ஒரே ஆள் ஒரே நாளில் செய்த இரண்டு குழல்கள்கூடக் கொஞ்சம் வேறுவேறாகத்தான் ஒலிக்கும். உங்கள் உதடும் விரல்களும் பழைய குழலுக்குப் பழகியிருக்கும். அதனால்தான் புதுக்குழலைத் தொட்டதும் அந்நியமாகத் தெரிகிறது.

நான் பணியில் இருந்தபோது, ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் பேருந்தில் தன் குழலை மறந்து வைத்துவிட்டான். வீட்டில் நல்ல திட்டு! பிறகு, மாரியம்மன் பண்டிகைக் கடையில் வர்ணம் பூசி, ஜிகினா சுற்றிய குழல் ஒன்றை வாங்கித் தந்தார்கள். பார்க்க அழகு. ஊதினால், 'ச' ஒரு பக்கம் இழுத்தது. 'ப' இன்னொரு பக்கம் இழுத்தது. "எனக்கு ஊதவே மறந்துபோச்சு சார்" என்று சொல்லி, குழலைப் பரண்மேல் போட்டுவிட்டான். இசை தெரிந்த பெரியவர் ஒருவர் அதை எடுத்து ஊதிப் பார்த்துவிட்டு, "தம்பி, உன்மேல தப்பில்ல. துளை போட்ட இடம்தான் தப்பு" என்றார். அப்போதுதான் அவன் முகம் தெளிந்தது.

"திறமை இருந்தால் எந்தக் குழலிலும் வாசிக்கலாம்" என்று சிலர் சொல்வார்கள். நான் இதை ஏற்க மாட்டேன். தப்பான குழல், கற்றுக்கொள்ளும் பிள்ளையின் காதையே கெடுத்துவிடும்.

பெரிய மேதைகளே கருவியை எப்படித் தேடினார்கள் தெரியுமா? நாகசுரச் சக்கரவர்த்தி டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் காலத்தில், 'திமிரி' என்ற குட்டையான நாகசுரம் வழக்கத்தில் இருந்தது. அதன் சுருதி அதிகம். அவருக்கு அது போதவில்லை. கும்பகோணம் பக்கத்தில் நரசிங்கம்பேட்டையைச் சேர்ந்த ரங்கநாதன் ஆசாரி, ஆச்சா மரத்தில் நீளமான 'பாரி' நாகசுரத்தைச் செய்து கொடுத்தார். இன்று கச்சேரிகளில் நாம் கேட்பது அந்தக் கம்பீரமான ஓசைதான். நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ராஜரத்தினம் பிள்ளைக்கே கருவி முக்கியம் என்றால், நமக்கு முக்கியம் இல்லையா?

"அப்படியானால், இருப்பதிலேயே விலை அதிகமான குழலை வாங்கித் தாருங்கள்" என்று அப்பாவிடம் அடம் பிடிக்கப் போகிறீர்களா? நில்லுங்கள்! அதுவும் தவறு.

தகரக் குழல் என்று ஒன்று உண்டு. இங்கிலாந்தைச் சேர்ந்த ராபர்ட் கிளார்க் என்பவர், 1843-ல் தகரத் தகட்டைச் சுருட்டி, ஆறு துளை போட்டு, அதைச் செய்து விற்க ஆரம்பித்தார். ஏழைகளும் வாங்கக்கூடிய விலை. அயர்லாந்தின் நாட்டுப்புற இசைக் கலைஞர்கள் அந்த எளிய தகரக் குழலை இன்றும் பெரிய மேடைகளில் வாசிக்கிறார்கள். விலை குறைந்தது எல்லாம் மட்டம் அல்ல. விலை உயர்ந்தது எல்லாம் மேன்மையும் அல்ல.

இன்னும் சிலர், "பழைய குழல் மாதிரியே வேண்டும்" என்று கடை கடையாக ஏறி இறங்குவார்கள். அவர்களுக்கு ஒரு கதை. அமெரிக்காவில் பி.பி.கிங் என்ற புகழ்பெற்ற கிதார் கலைஞர் இருந்தார். 1949-ல், அர்க்கன்சாஸ் மாநிலத்தில், டுவிஸ்ட் என்ற சிற்றூரில் அவர் வாசித்துக்கொண்டிருந்த கூடத்தில் இரண்டு பேர் சண்டை போட்டுத் தீப்பிடித்துக்கொண்டது. வெளியே ஓடிவந்தவர், கிதாரை எடுக்க மறுபடியும் தீக்குள் ஓடினார்! சண்டைக்குக் காரணமான பெண்ணின் பெயர் லூசில் என்று பிறகு தெரிந்தது. இனி இப்படி ஒரு முட்டாள்தனம் செய்யக்கூடாது என்று தனக்கே நினைவூட்ட, கிதாருக்கு 'லூசில்' என்று பெயர் வைத்தார். அதன்பின் அவர் கைக்கு எத்தனையோ கிதார்கள் வந்தன. எல்லாவற்றுக்கும் பெயர் லூசில்தான்! மரமும் கம்பியும் மாறின. வாசித்த கை மாறவில்லை. நீங்களும் புதுக்குழலுக்குப் பழைய குழலின் செல்லப் பெயரையே வைக்கலாமே!

நம் ஊருக்கு வருவோம். மஞ்சளுக்குப் பெயர் போன நாமகிரிப்பேட்டைக்கு, இசை உலகில் பெயர் வாங்கித் தந்தவர் நாகசுர வித்வான் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன். 1924-ல் பிறந்து 2001-ல் மறைந்த அவர், 1981-ல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். நாகசுரத்தின் வாய்ப்பகுதியில் கயிற்றில் சின்னச் சின்னதாகச் சில தொங்குவதைக் கோயில் திருவிழாவில் பார்த்திருப்பீர்கள். அவை சீவாளிகள். நாணல் தட்டையில் செய்வது. ஊத ஊதத் தேய்ந்துவிடும். அதனால், நாகசுரக்காரர்கள் மாற்றுச் சீவாளியைக் கூடவே வைத்திருப்பார்கள். ஒன்றை எடுத்து, உதட்டில் வைத்து ஈரமாக்கி, ஊதிப் பார்ப்பார்கள். சரியில்லையா? அடுத்தது! அழுவதும் இல்லை, அவசரப்படுவதும் இல்லை. புதுக்குழல் வாங்குவதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. கண்ணால் அல்ல, விலையால் அல்ல, ஊதிப் பார்த்து, காதால் கேட்டு வாங்குங்கள்.

எப்படிப் பார்ப்பது? இதோ:

முதலில், பழைய குழல் எத்தனை கட்டை என்று உங்கள் இசை ஆசிரியரிடம் கேட்டு, அதே கட்டையில் வாங்குங்கள். குழல் நீளமானால் உள்ளே அதிரும் காற்றும் நீளும், சுருதி குறையும். குட்டையானால் சுருதி கூடும். ரொம்ப நீளமான குழலில் சின்ன விரல்கள் துளைகளை எட்டாது.

இரண்டாவது, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். நீளவாக்கில் விரிசல் இருக்கக்கூடாது. நூல் சுற்றியிருந்தால், அடியில் விரிசல் ஒளிந்திருக்கிறதா என்று கவனியுங்கள். துளைகளின் ஓரம் பிசிறில்லாமல் இருக்க வேண்டும். கர்நாடக இசைக் குழல் என்றால், ஊதும் துளை தவிர எட்டு விரல் துளைகள் இருக்கும்.

மூன்றாவது, எடுத்தவுடன் முடிவு செய்யாதீர்கள். கொஞ்ச நேரம் ஊதுங்கள். மூச்சுக்காற்றால் குழல் சூடானதும் சுருதி சற்று ஏறும். பிறகு, சுருதிப்பெட்டியோடு சேர்த்து 'ச', 'ப', மேல் 'ச' மூன்றையும் நீட்டி ஊதுங்கள். சுருதிப்பெட்டி இல்லையா? அப்பாவின் கைபேசியில் அதற்கான செயலி இருக்கிறது.

நான்காவது, ஒரே கட்டையில் மூன்று, நான்கு குழல்களை ஊதிப் பாருங்கள். எது உங்கள் மூச்சுக்குச் சட்டென்று பேசுகிறதோ, அதை எடுங்கள். ஒன்றுமே சரியில்லை என்றால், வெறுங்கையோடு திரும்புங்கள். கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்!

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை குழலைத் தொலைத்துவிட்டால், பொறுப்பைச் சொல்லிக்கொடுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால், "உனக்கு இனிமே எதுவுமே கிடையாது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு சொல்லில் நின்றுபோகும் பாட்டு, மறுபடி தொடங்காமலே போய்விடலாம்.

செல்வங்களே, குழல் தொலைந்ததும் முதலில் நன்றாகத் தேடுங்கள். பேருந்தில் விட்டிருந்தால் நடத்துநரிடமும், பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளரிடமும் கேளுங்கள். கிடைக்காவிட்டால், ஒருநாள் வருத்தப்படுங்கள். வருத்தப்படுவது தப்பே இல்லை. புதுக்குழல் வந்ததும், முதல் வாரம் பாட்டு வேண்டாம். 'ச' மட்டும் நீட்டி ஊதுங்கள். பழையதோடு ஒப்பிட்டு அதைக் குறை சொல்லாதீர்கள். புதிதாக வகுப்புக்கு வந்த மாணவனைப் போல அதற்கும் கொஞ்சம் நாள் கொடுங்கள்.

அப்புறம், ஒரு துணி உறை தைத்து, அதன்மேல் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுத மறக்காதீர்கள். இந்த முறை தொலைந்தாலும், வீடு தேடி வரட்டும்!