வாழைச்சேனை ஆலையும் மடுல்சீமைக் கொப்பியும்

மடுல்சீமைத் தோட்டங்களின் தேயிலை, பல அடுக்குக் காகிதச் சாக்குகளில் கொழும்புக்குச் செல்கிறது. அதே தோட்டத்துப் பிள்ளை காகிதக் கொப்பியைச் சுமந்து பாடசாலைக்குச் செல்கிறது. இவ்விரண்டுக்கும் வேண்டிய காகிதத்துக்கு இந்நாடு பெரிதும் இறக்குமதியையே நம்பியிருக்கிறது. அந்த நம்பிக்கை எத்தனை பலவீனமானது என்பதை 2022ஆம் ஆண்டு உணர்த்திற்று.

அவ்வாண்டு மார்ச் மாதத்தில், காகிதம் வாங்க டொலர் இல்லாத காரணத்தால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. 'தி ஐலண்ட்', 'திவயின' ஆகிய நாளிதழ்களின் சனிக்கிழமை அச்சுப் பதிப்புகள் நிறுத்தப்பட்டன. இவை உலகச் செய்திகளாயின. ஆனால், 2021இல் நிர்ணயிக்கப்பட்ட 1000 ரூபா நாட்சம்பளத்தில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளியின் வீட்டில், விலையேறிய கொப்பிகளை வாங்க முடியாமற் போனது எவருக்கும் செய்தியாகவில்லை.

காகிதம் செய்யத் தெரியாத நாடல்ல இது. 1950களில் வாழைச்சேனையில் அரச காகித ஆலை தொடங்கப்பட்டது. கிழக்கின் வயல்களில் கிடைத்த வைக்கோலே அதன் முக்கிய மூலப்பொருள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே கூரையின்கீழ் உழைத்த இடம் அது. போர், பழமையடைந்த இயந்திரங்கள், இறக்குமதியின் போட்டி ஆகியன அதனை முடக்கின. எம்பிலிப்பிட்டியவில் பின்னர் அமைந்த ஆலையும் நிலைக்கவில்லை. 2021இல் வாழைச்சேனை ஆலை மீளத் திறக்கப்பட்டது. எனினும், அடுத்த ஆண்டு நெருக்கடி வந்தபோது நாட்டின் தேவையைத் தாங்கும் நிலையில் அது இருக்கவில்லை.

வைக்கோலுக்குத் திரும்புவது எளிதன்று. வைக்கோலில் சிலிக்கா மிகுதி. கூழ் காய்ச்சியபின் எஞ்சும் கரிய கழிவுநீரிலிருந்து இரசாயனங்களை மீட்டெடுக்க அது தடையாகிறது. மீட்கப்படாத கழிவு நீர்நிலைக்குச் சென்றால், களப்பை நம்பி வாழும் மீனவரே பாதிக்கப்படுவர்.

கழிவுக் காகிதத்தில் அந்தக் காய்ச்சல் வேலை இல்லை. அதனை நீரில் கரைத்து, கம்பி, பசை முதலியவற்றை வடித்து, சோப்பு நுரையோடு காற்றுக் குமிழிகளைச் செலுத்தி மையை மேலெழச் செய்து அகற்றுகின்றனர். எஞ்சும் நார்க் கூழ் வலைமீது பரவி, அழுத்தப்பட்டு, சூடான உருளைகளில் உலர்ந்து மீண்டும் காகிதமாகிறது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் நார் குறுகித் தளர்கிறது. ஐந்து முதல் ஏழு சுற்றுக்குமேல் அது தாங்காது. எனவே புதிய நாரும் ஓரளவு சேர்க்கப்பட வேண்டும். நீண்ட நார் வேண்டிய தேயிலைச் சாக்கு இம்முறைக்கு உகந்ததல்ல. கொப்பியும் அட்டைப்பெட்டியும் உகந்தவை.

புதிய நாருக்கு ஊவா மாகாணத்திலேயே ஒரு வழி உண்டு. பெல்வத்தை, செவனகல சீனி ஆலைகளில் கரும்புச் சக்கை கிடைக்கிறது. தமிழ்நாட்டில் கரூருக்கு அருகே 1979இல் நிறுவப்பட்ட அரச காகித நிறுவனம் கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாகக் கொண்டே வளர்ந்தது. சக்கையை எரித்துக் கொதிகலனை இயக்கிவந்த சீனி ஆலைகளுக்கு அது மாற்று எரிபொருளோ நீராவியோ வழங்கிச் சக்கையைப் பெற்றுக்கொண்டது. நமது அளவுக்கு அது பொருந்துமா என்பதைத் துறைசார்ந்தோர் ஆராய வேண்டும்.

இதனிடையே, உடனே செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஆண்டுதோறும் பாடசாலைகளிலும் அரச அலுவலகங்களிலும் சேரும் பழைய காகிதங்கள் எரிக்கப்படாமல், நனையாமல், தரம் பிரித்துச் சேகரிக்கப்பட வேண்டும். உணவெண்ணெய் படிந்த தாளும் மெழுகு பூசிய அட்டையும் கலந்தால் முழுக் கூழும் கெடும். மடுல்சீமை போன்ற மலையகச் சிற்றூர்களிலிருந்து அதனை ஏற்றிச் செல்லும் செலவை அரசு ஏற்காவிடின் இத்திட்டம் நகரங்களோடு நின்றுவிடும்.

ஆலையின் திறப்பு விழாக்கள் காகிதத்தைத் தருவதில்லை. தடையின்றி வரும் மூலப்பொருளே தருகிறது. அதனை உறுதிசெய்யாது ஆலையை மட்டும் திறப்பது, நெல்லில்லாத ஊரில் ஆலை கட்டுவதற்கு ஒப்பாகும். அடுத்த நெருக்கடியிலும் முதலில் கொப்பியை இழப்பது தோட்டத்துப் பிள்ளையாகத்தான் இருக்கும் என்பதைச் சம்பந்தப்பட்டோர் மறந்துவிடலாகாது.