நிற்கும் எஞ்சின் சொல்லும் சேதி

சென்னையில் தியாகராய நகர், மயிலாப்பூர், அடையாறு பக்கம் சினிமாப் படப்பிடிப்பு நடக்கும் தெருக்களில் வீடு போன்ற பெரிய வண்டிகள் நிற்பதைக் காணலாம். ‘கேரவன்’ என்று சொல்லப்படும் இந்த வண்டிகளில் கட்டில், குளியலறை, குளிர்சாதனம் எல்லாம் உண்டு. பல வண்டிகளில் இத்தனைக்கும் மின்சாரம் தருவது, அடிப்பக்கம் ஒரு பெட்டிக்குள் பொருத்தப்பட்ட சிறிய டீசல் ஜெனரேட்டர்தான். வெயில் உச்சிக்கு வந்ததும் அது தானாக நின்றுவிடும். திரும்ப ஓட்டினால் பத்து நிமிடம் ஓடும். பிறகு மறுபடியும் நிற்கும்.

அந்த ஜெனரேட்டருக்கும், ஒரு ஏக்கர் கத்தரி வைத்திருக்கும் சிறு விவசாயிக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். சம்பந்தம் உண்டு. கேரவனில் இருப்பதும், கல்யாண மண்டப வாசலில் இரைவதும், புயலுக்குப் பின் விவசாயி வாடகைக்குக் கொண்டு வருவதும் ஒரே குலத்தைச் சேர்ந்த எஞ்சின்களே. அவை நிற்பதற்கான காரணங்களும் ஒன்றே. நின்றதும் மனிதர்கள் செய்யும் தவறும் ஒன்றே.

மறந்துபோன பழக்கம்

ஒரு காலத்தில் கிணற்று மேட்டில் ஆயில் எஞ்சின் இருந்த வீட்டில் பெரியவர் முதல் பள்ளிக்கூடப் பையன் வரை அதன் குணம் அறிந்தவர்களாக இருந்தார்கள். சத்தம் மாறினாலே, ‘டீசலில் காற்று ஏறிவிட்டது’ என்று வரப்பில் நின்றபடியே சொல்லிவிடுவார்கள். பிறகு மின்சார மோட்டார் பரவியது. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் அனைத்து விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமாயிற்று. விவசாயிக்கு அது பெரும் வரம் என்பதில் ஐயமில்லை. ஆனால் எஞ்சினைப் பார்த்துப் பழகிய கை அதோடு விட்டுப்போயிற்று. இன்று பல ஊர்களில் எஞ்சினும் ஜெனரேட்டரும் ஆபத்துக் காலத்தில் மட்டுமே வெளியே வருகின்றன.

2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரை புரண்டபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டைப் பகுதிகளில் வெள்ளம் புகுந்து மின்சாரம் நின்றது. 2016 டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் மரங்களையும் கம்பங்களையும் சாய்த்தபின் நகரின் பல பகுதிகள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. 2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. அப்போது கிராமங்களில் குடிநீர்த் தொட்டியை நிரப்பக்கூட வாடகை ஜெனரேட்டரைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

இத்தகைய நாட்களில் தகராறு செய்வது பெரும்பாலும் தினமும் ஓடும் எஞ்சின் அல்ல. பதினோரு மாதம் சாக்கு மூடிக் கிடந்த எஞ்சின்தான். சும்மா கிடக்கும் தொட்டியில் ஈரம் சேர்ந்து டீசலின் அடியில் நீர் தங்குகிறது. பாசி போன்ற கசடு வளர்ந்து பில்டரை அடைக்கிறது. பாட்டரி இறங்கிவிடுகிறது. ரப்பர் குழாய் வெடித்துக் காற்றை உறிஞ்சுகிறது. ஓடித் தேய்வதைவிட ஓடாமல் கெடும் எஞ்சினே நம் ஊர்களில் அதிகம் எனலாம்.

எப்போது நின்றது? எப்படி நின்றது?

எஞ்சின் நின்றதும் ஸ்பானரைத் தேடி ஓடக்கூடாது. வைத்தியர் நாடி பார்ப்பது போல முதலில் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். எவ்வளவு நேரம் ஓடி நின்றது? எப்படி நின்றது?

விளக்கை அணைத்தது போல ஒரே வெட்டாக நின்றால், பெரும்பாலும் காவல் சுவிட்சு வேலை செய்திருக்கிறது. அல்லது ஒயர் விட்டிருக்கிறது. சத்தம் ஏறி இறங்கி, திணறித் திணறி நின்றால் டீசல் சரியாகப் போகவில்லை என்று பொருள். இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்தது.

ஓட்டிய சில வினாடிகளில் நின்றால் முதலில் எஞ்சின் ஆயிலைப் பார்க்க வேண்டும். ஆயில் அழுத்தம் குறைந்தால் நிறுத்திவிடும் சுவிட்சு இன்றைய ஜெனரேட்டர்கள் பலவற்றில் உண்டு. சமதரையில் வைத்து அளவுக் கம்பியை இழுத்துத் துடைத்துத் திரும்ப விட்டுப் பார்க்க வேண்டும். ஆயில் சரியாக இருந்தால் அந்தச் சுவிட்சின் ஒயரையும் பாட்டரி முனைகளையும் பார்க்க வேண்டும். வரப்பிலோ சரிவிலோ எஞ்சினைச் சாய்வாக நிறுத்தினால், ஆயில் போதுமான அளவு இருந்தாலும் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். அப்போதும் எஞ்சின் நிற்கும்.

பத்து இருபது நிமிடம் ஓடித் திணறி நின்றால் டீசல் வழியைப் பார்க்க வேண்டும். தொட்டி மூடியில் காற்று நுழைய ஒரு சிறு துவாரம் உண்டு. அதில் புழுதி அடைத்தால் டீசல் இறங்க இறங்கத் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகி, வரத்து நின்றுவிடும். எஞ்சின் நின்ற உடனே மூடியைத் திறந்து பார்க்கலாம். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்து, அதன்பின் எஞ்சின் ஒழுங்காக ஓடினால் குற்றவாளி அந்தத் துவாரமே. செலவு ஒரு குண்டூசி. அதுவும் இல்லையென்றால் பில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடிக்க வேண்டும். பிறகு பில்டரையும் குழாய் இணைப்புகளையும் பார்த்து, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். கேரவன்களில் ஜெனரேட்டருக்கு டீசல் எடுக்கும் குழாய், வண்டித் தொட்டியின் அடிவரை போகாமல் சற்று மேலேயே முடியும்படி வைப்பதுண்டு. வண்டி நடுவழியில் டீசல் இல்லாமல் நின்றுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. இது தெரியாதவர்கள், தொட்டியில் டீசல் இருக்கும்போதே ஜெனரேட்டர் நிற்கிறதே என்று எஞ்சினைப் பிரித்துப் போடுகிறார்கள்.

அரை மணி, ஒரு மணி நேரம் ஓடி, வெயில் வேளையில் மட்டும் நின்றால் சூடுதான் காரணம். ரேடியேட்டரில் தண்ணீர், பேன் பெல்ட்டின் இறுக்கம், காற்றுத் துளைகளில் படிந்த வைக்கோல் தூசி ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். பெட்டிக்குள் அடைத்த கேரவன் ஜெனரேட்டரும், மழைக்குப் பயந்து தார்ப்பாய் போர்த்திய வயல் ஜெனரேட்டரும் தாம் விட்ட வெப்பக் காற்றையே திரும்ப உறிஞ்சுகின்றன. மேலே கூரை இருக்கட்டும். பக்கம் திறந்திருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீய்ச்சும்.

புகையின் நிறமும் சேதி சொல்லும். கரும்புகை வந்தால் காற்று போதவில்லை அல்லது பளு அதிகம். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. வெண்புகை விடாமல் வந்தால் டீசல் சரியாக எரியவில்லை. அல்லது தண்ணீர் கலந்திருக்கிறது.

காவல்காரனைக் கட்டிப் போடாதீர்

இனி இக்கட்டுரையின் முக்கிய விஷயத்துக்கு வருவோம். அடிக்கடி நிற்கும் ஜெனரேட்டரைச் சிலர் ஒரு நிமிடத்தில் ‘சரி’ செய்துவிடுகிறார்கள். ஆயில் அழுத்தச் சுவிட்சின் ஒயரைக் கழற்றிவிடுவார்கள். அல்லது சூட்டுச் சுவிட்சின் இரு முனைகளையும் ஒன்றாக முறுக்கிவிடுவார்கள். எந்த ஒயரைக் கழற்றுவது, எதை முறுக்குவது என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். விளைவு மாறாது. எஞ்சின் நிற்காமல் ஓடும். உரிமையாளரும் மகிழ்ந்து கூலி கொடுத்து அனுப்புவார்.

திருடன் வந்தான் என்று குரைத்த நாயின் வாயைக் கட்டிவிட்டுத் தூங்கப் போவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. ஆயில் இல்லாமல் ஓடும் எஞ்சினில் பேரிங்குகள் சில நிமிடங்களிலேயே பிடித்துக்கொள்ளலாம். கிராங்க் ஷாப்ட் கீறும். பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டும். ஒரு லிட்டர் ஆயிலில் முடிந்திருக்க வேண்டிய செலவு எஞ்சினின் விலையையே தொட்டுவிடும். அதுவும் மழையில் வயல் மூழ்கி, தண்ணீரை வெளியே இறைத்தே தீர வேண்டிய நாளில்தான் நடக்கும்.

‘பயிர் அழுகிக்கொண்டிருக்கும்போது சுவிட்சை ஆராய நேரம் ஏது?’ என்று கேட்பவர்களின் தவிப்பு நியாயமானதே. ஆனால் மேலே சொன்ன சோதனைகள் அனைத்துக்கும் அரை மணி நேரம் போதும். பிடித்துக்கொண்ட எஞ்சினைச் சரிசெய்ய ஒரு வாரமாகும். எந்த நட்டத்தைத் தாங்க முடியும் என்பதை விவசாயியே முடிவு செய்துகொள்ளலாம்.

பழைய கைச்சுற்று ஆயில் எஞ்சின்கள் பலவற்றில் இத்தகைய சுவிட்சு இல்லை. அங்கே விவசாயியின் கண்ணும் காதுமே காவல்காரன். அவர் தினம் ஒருமுறை ஆயில் பார்த்தே ஓட்ட வேண்டும்.

பளு அறிந்து ஓட்டுதல்

மோட்டாரை இணைத்ததும் ஜெனரேட்டர் நிற்கிறதென்றால் எஞ்சினில் பழுது இல்லாமலும் இருக்கலாம். 1 குதிரைத் திறன் என்பது 746 வாட். 5 குதிரைத் திறன் மோட்டாருக்கு 3,730 வாட் ஆகிறது. எனவே 5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் போதும் என்று கணக்குப் போடுகிறார்கள். ஆனால் மோட்டாரை நேரடியாகக் கிளப்பும்போது, அது ஓடும்போது இழுப்பதைப் போல் சுமார் 6 மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஆகவே ஓடும் பளுவைப் போல் 2 முதல் 3 மடங்கு திறனுள்ள ஜெனரேட்டர் வேண்டும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் இருந்தால் இந்த முதல் இழுப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறையும். சாதாரண சென்டிரிபியூகல் பம்பானால் டெலிவரி வால்வை மூடிவைத்துக் கிளப்பி, வேகம் பிடித்தபின் மெல்லத் திறப்பது நல்லது. வேகமும் முக்கியம். நான்கு துருவ ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 1,500 சுற்றுச் சுற்றினால்தான் 50 சைக்கிள் மின்சாரம் கிடைக்கும். டீசலை மிச்சப்படுத்த வேகத்தைக் குறைத்தால் மோட்டார் சூடேறும்.

உயிருக்கு ஆபத்து

எஞ்சினைக் காப்பாற்றும்போது மனிதரை மறந்துவிடக் கூடாது. வீட்டுக்குள்ளும் மூடிய மோட்டார் அறையிலும் கிணற்றுக் குழியிலும் எஞ்சினை ஓட்டக் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குபவர் எழுந்திருக்கவே மாட்டார். அடுத்து, மாற்றுச் சுவிட்சு இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு இணைப்பிலோ பம்புசெட் இணைப்பிலோ செருகக் கூடாது. அந்த மின்சாரம் கம்பி வழியே திரும்பிப் போய் டிரான்ஸ்பார்மரில் ஏறி, புயலில் விழுந்த கம்பியைச் சீராக்கும் ஊழியரைத் தாக்கும். ஊருக்கு வெளிச்சம் கொண்டுவர வந்தவரைக் கொன்ற பழி அந்த ஒயரைச் செருகியவரையே சேரும்.

மாதம் அரை மணி

செய்ய வேண்டியது அதிகமில்லை. மாதம் ஒருமுறை, அமாவாசையோ சம்பளத் தேதியோ ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, எஞ்சினை அரை மணி நேரம் ஓட்ட வேண்டும். வெறுமனே ஓட்டினால் கரி படியும். எனவே திறனில் மூன்றில் ஒரு பங்காவது பளு கொடுத்தே ஓட்ட வேண்டும். ஓட்டிய நாள், ஓடிய நேரம், ஆயில் மாற்றிய நாள், நின்றிருந்தால் எப்படி நின்றது என்பவற்றை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைக்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன், ஐப்பசி பிறப்பதற்குள், பழைய டீசலை வடித்துப் புது டீசல் ஊற்றிப் பில்டரை மாற்றிவிட வேண்டும். எஞ்சினைத் தரையில் வைக்காமல், வெள்ளம் எட்டாத மேடையில் வைக்க வேண்டும். சென்னை வெள்ளங்கள் தந்த பாடம் இது.

ஜெனரேட்டரை வாடகைக்கு விடுவோருக்கும் ஒரு கடமை உண்டு. காவல் சுவிட்சுகள் வேலை செய்கின்றன என்று காட்டி, இந்த நோட்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். வாடகைக்கு எடுக்கும் விவசாயி அதைக் கேட்டு வாங்க வேண்டும். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டபோது, கையால் செய்து கற்க வேண்டும் என்பதே அதன் அடிப்படையாக இருந்தது. விதைக்கும் உரத்துக்கும் பயிற்சி தருவது போல, எஞ்சினைத் திறந்து மூடும் ஒருநாள் பயிற்சியும் ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் ஊர்தோறும் நடந்தால், ஊருக்கு இரண்டு இளைஞராவது தேறுவார்கள். அந்த ஊர் அடுத்த புயலுக்கு அவ்வளவாக அஞ்ச வேண்டியதில்லை.

தானாக நிற்கும் எஞ்சின் பகையாளி அல்ல. ‘எனக்கு ஆயில் இல்லை, காற்று இல்லை, சுமை தாங்கவில்லை’ என்று சொல்லவே அது நிற்கிறது. அதைக் கேட்டுக் குறையைத் தீர்ப்பவரின் வயலில் அது நெடுங்காலம் ஓடும்.