மலையே இல்லாத ஊருக்கு மலை சைக்கிள் எதுக்கு சாமி?

டிஸ்கி: சைக்கிள் வாங்க ஆலோசனை கேட்டு அலையுற மக்களுக்கும், அந்த ஆலோசனையை அள்ளி விடுற எக்ஸ்பர்ட் மக்களுக்கும் இந்தப் பதிவு. மனசு புண்பட்டா பர்னால் தடவிக்கவும்.

"சைக்கிள்ல ஆபீஸ் போகலாம்னு இருக்கேன், என்ன வாங்கலாம்?" அப்படின்னு ஒருத்தர் வாயைத் திறந்தா போதும். "பட்ஜெட்டை முப்பதாயிரத்துக்கு ஏத்துங்க தல." "டிஸ்க் பிரேக் இல்லாம வாங்கவே வாங்காதீங்க." "ஏழு கியர் எல்லாம் குப்பை, ஒன்பதுக்குப் போங்க." கேட்ட ஆளு ரெண்டு நாள் மண்டையைப் பிச்சுக்கிட்டு, மூணாவது நாள் ஸ்கூட்டருக்குத் தவணை கட்டப் போயிடுவார். அடிச்சுச் சொல்றேன், சைக்கிளுக்கு முதல் எதிரி வெயிலும் இல்லை, பெட்ரோல் பைக்கும் இல்லை. இந்த ஆலோசனைதான்.

நான் குடியிருக்கிறது புதுச்சேரி குருசுக்குப்பம். பொட்டி தட்டுற வேலை லாஸ்பேட்டை பக்கம். பட்டேல் சாலை, அஜந்தா சிக்னல், அப்புறம் ராஜீவ் காந்தி சிலைன்னு தினசரி சைக்கிள்தான். ஊருக்குள்ள ரோடு பலகை மாதிரி தட்டை. லாஸ்பேட்டை நெருங்கும்போது லேசா ஒரு ஏத்தம், அவ்வளவுதான் நம்ம இமயமலை. இந்த ஊர்ல முன்னாடி ஸ்பிரிங், நடுவுல ஸ்பிரிங், இருபத்தோரு கியர், டிராக்டர் டயர்னு சைக்கிளை விக்கிறாங்க, நம்ம ஆளுங்களும் வாங்குறாங்க. என்ன கொடுமை சார் இது?

படிச்ச இன்ஜினியரிங்குக்கு ஒரு மரியாதை வேணாமா, ஒரு கணக்கு போடுவோம். மலை சைக்கிள்ல 26 இன்ச் வீல். முன்னாடி 42 பல், பின்னாடி 16 பல் போட்டா, பெடல் ஒரு சுத்து சுத்தினதும் வண்டி சுமார் 5.4 மீட்டர் போகும். நிமிஷத்துக்கு 60 சுத்து மிதிச்சா மணிக்கு இருபது கிலோமீட்டர் பக்கம் வரும். இப்போ தாத்தா காலத்து 28 இன்ச் சைக்கிளை எடுங்க. முன்னாடி 44 பல், பின்னாடி 18. கணக்கு போட்டா அதே 5.4 மீட்டர்! தட்டை ரோட்டுக்கு இருபத்தோரு கியர்ல நீங்க நிஜமா மிதிக்கிற கியர், தாத்தா ஒத்த கியர்ல மிதிச்சதேதான். ஏத்தத்துக்கும் எதிர்காத்துக்கும் இன்னும் ரெண்டு கியர் சேர்த்துக்கங்க. மிச்சம் பதினெட்டும் ஸ்டிக்கருக்கு.

"ஏழை ஒன்பதாக்கு"ன்னு சொல்ற அண்ணாச்சிங்க கவனிக்கவும். நம்ம பட்ஜெட் சைக்கிள்ல பின்னாடி இருக்கிறது பெரும்பாலும் மரை போட்டு முறுக்குற ஃப்ரீவீல். ஒன்பது வேணும்னா கேசட், கேசட்டுக்கு வேற ஹப். ஹப் மாறினா வீலையே புதுசா கோக்கணும். அப்புறம் செயின், ஷிஃப்டர், டிரெய்லர். ஒரு பல் புடுங்கப் போய் தாடையையே மாத்தின கதை. செலவு சைக்கிள் விலையைத் தாண்டும், வேகம் ஒரு கிலோமீட்டர் கூட ஏறாது.

மலிவு ஸ்பிரிங் ஃபோர்க் இன்னொரு கூத்து. எழுந்து நின்னு மிதிச்சா உங்க பலத்தை அது தின்னுடும். எங்க ஏரியாவுல தெருவுக்கு அந்தப் பக்கம் கடல். உப்புக்காத்துல ஸ்பிரிங் துரு ஏறி இறுகிடும். அப்புறம் அது ஸ்பிரிங்கும் இல்லை, ஃபோர்க்கும் இல்லை, சுமை.

"அப்ப என்னதான்டா பண்ணச் சொல்ற?"ன்னு கேக்குறீங்க. செகண்ட்ஹேண்ட்ல நாலாயிரத்து ஐநூறுக்கு வாங்கின ஸ்பிரிங் இல்லாத மலை சைக்கிள் என்னுது. ஒரே மாசத்துல எல்லாம் பண்ணலை, சம்பளத்துக்கு சம்பளம் ஒண்ணா வரிசையா பண்ணது:

1. சீட்டை உயர்த்தினேன். செலவு பூஜ்யம். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசா மடங்கினா போதும். நம்மூர்ல பாதிப் பேர் முட்டியை நெஞ்சில இடிச்சுக்கிட்டு மிதிச்சிட்டு, "சைக்கிள் கனமா இருக்கு"ங்கிறாங்க.

2. முள்ளு டயரைக் கழட்டிட்டு 26க்கு 1.5 வழவழ டயர், ட்யூபோட: 1700 ரூபாய். தார் ரோட்டுல முள்ளு டயர் 'கொர்ர்ர்'னு கத்துதே, அந்த சத்தம் பூரா உங்க கால் உழைப்பு.

3. நல்ல பிரேக் கட்டை, புது கேபிள்: 450. என் வேகத்துக்கு இது தாராளம். மழையில ரிம் நனைஞ்சா பிடிக்கக் கொஞ்சம் தாமதம் ஆகும், உண்மைதான். அன்னைக்கு மெதுவா போங்க, வீடு எங்கேயும் ஓடிப் போகாது.

4. முன் விளக்கு, பின் சிவப்பு விளக்கு: 600. இதுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. ராத்திரி பஸ் டிரைவருக்கு உங்க கியர் தெரியாது, விளக்குதான் தெரியும்.

5. மட்கார்டு: 250. நவம்பர் மழையில முதுகுல சேத்துக் கோடு போட்டுக்கிட்டு மீட்டிங் போனவனுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

6. ஓவராயில் பண்ணி, பால்ரஸ் மாத்தி, கிரீஸ் வச்சு, கோட்டம் எடுக்க: 300.

7. புது செயின்: 450. பன்னிரண்டு முழு கண்ணி சரியா 12 இன்ச் இருக்கணும். ஒரு இன்ச்சில் பதினாறில் ஒரு பங்கு கூடினா செயினை மாத்துங்க. எட்டில் ஒரு பங்கு வரைக்கும் விட்டா ஃப்ரீவீலும் சேர்ந்து போச்சு. கடலோர மக்களுக்குத் தனியா ஒண்ணு: வாரம் ஒரு தடவை துணியால துடைச்சு எண்ணெய் விடுங்க. தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்து மணலை எல்லாம் கூட்டி வச்சுக்கும்.

ஆக மொத்தம் 3750. சைக்கிளோட சேர்த்து 8250. எக்ஸ்பர்ட் சொன்ன முப்பதாயிரத்துல மூணுல ஒரு பங்கு கூட இல்லை.

"இதெல்லாம் ஒரு எம்டிபியா?"ன்னு நக்கல் அடிக்கிறவங்களுக்கு ஒரு சரித்திரப் பாடம். மலை சைக்கிளைக் கண்டுபிடிச்சது எந்த கம்பெனியும் இல்லை. 1970களில் கலிஃபோர்னியாவுல மரின் கவுண்டி இளவட்டங்க, 1930, 40கள்ல வந்த பழைய ஷ்வின் சைக்கிளைப் பொறுக்கிட்டு வந்து, மோட்டார் சைக்கிள் பிரேக் லீவர், டிரம் பிரேக்குன்னு கிடைச்சதை மாட்டி மலையில உருட்டினாங்க. 1976 அக்டோபர்ல அவங்க நடத்தின பந்தயத்துக்குப் பேரு 'ரீபேக்'. ஏன்? ஒரு தடவை இறங்கினாலே பின் ஹப்புல கிரீஸ் புகைஞ்சு போயிடும், மறுபடி கிரீஸ் அடைக்கணும். மலைக்குன்னே ஜோ பிரீஸ் ஃபிரேம் செஞ்சது அதுக்கப்புறம் 1977ல். ஆக, மலை சைக்கிளே பட்ஜெட் அப்கிரேடுல பொறந்த குழந்தை. அதை வச்சுக்கிட்டு பட்ஜெட்காரனை நக்கல் அடிக்கிறது நியாயமா?

இன்னும் கிட்ட வாங்க, புதுக்கோட்டை. 1990களின் தொடக்கத்துல அறிவொளி இயக்கம், ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தப்போ, எழுத்தோட சேர்த்து சைக்கிளையும் பெண்களுக்குக் கத்துக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான பேர் ஓட்டினாங்க. பி. சாய்நாத் இதை விரிவா எழுதியிருக்கார். லேடீஸ் சைக்கிள் பத்தலைன்னதும் ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்தாங்க. நடுவுல இருக்கிற பார்ல குழந்தையை உக்கார வைக்கலாம்னு அதையே விரும்பினவங்களும் உண்டு. "சரியான மாடல் வரட்டும்"னு அவங்க காத்திருந்தா இன்னைக்கும் நடந்துக்கிட்டுத்தான் இருந்திருப்பாங்க.

இங்கே என்ன நடக்குது? ஒயிட் டவுன்ல வாடகை சைக்கிள்ல டூரிஸ்ட் போனா 'ஆஹா, பிரெஞ்சு அழகு'. அதே தெருவுல வேலைக்குப் போறவன் மிதிச்சா 'பாவம், வண்டி வாங்க வசதி இல்லை போல'. எங்க ஆபீஸ்ல கார்களுக்குக் கூரை, பைக்குகளுக்குக் கூரை, சைக்கிளுக்குக் குப்பைத்தொட்டி பக்கம். 2025 செப்டம்பர் 22ல இருந்து சைக்கிளுக்கும் பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12லிருந்து 5 சதவீதமா குறைஞ்சது, சந்தோஷம். ஆனா இந்தப் பார்வைக்கு எவ்வளவு வரி குறைச்சாலும் மாறாது.

எக்ஸ்பர்ட்டுகள் மேல என் கோபம் இதுக்குத்தான். சைக்கிள் இருக்கிறவனை ஏற்கெனவே ஊர் 'ஏழை'ன்னு பாக்குது. நீங்க அவன்கிட்ட 'உன் சைக்கிளும் ஏழை'ங்கிறீங்க. ரெண்டும் ஒரே புத்தி. இதுல மூணாவதா அடி வாங்குறவர் தெருமுனை சைக்கிள் கடைக்காரர். முப்பதாயிரம் ரூபாய் சைக்கிளை அவர்கிட்ட கொடுக்க உங்களுக்குப் பயம், ஆன்லைன்ல பார்ட்ஸ் வாங்கி வீடியோ பார்த்து மாட்டுவீங்க. நாளைக்கு அவர் கடையை மூடிட்டா பஞ்சருக்கு எந்த வீடியோ கிட்ட போவீங்க? மேலே சொன்ன ஏழுல விளக்கு தவிர எல்லாமே அந்த மாதிரி ஒரு கடையிலதான் எனக்கு நடந்தது.

அதனால மக்களே, வீட்டு மாடிப்படிக்குக் கீழே தூசி படிஞ்சு ஒரு சைக்கிள் கிடந்தா, அதுதான் உங்களுக்கு ஏத்த சைக்கிள். முதல்ல காத்து அடிங்க. ஒரு மாசம் ஓட்டுங்க. எதை மாத்தணும்னு அதுவே சொல்லும்.

பி.கு: டிஸ்க் பிரேக் சங்கத்தினர் கும்மி அடிக்க வரலாம். வரும்போது தினம் எத்தனை கிலோமீட்டர் சைக்கிள்ல ஆபீஸ் போறீங்கன்னும் சேர்த்துச் சொல்லிட்டு ஆரம்பிங்க.