அடுத்த வீட்டில் இருப்பவர் யார்?



கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் சீமை வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விளையும். பொய்த்தால் நிலம் வெடித்துக் கிடக்கும். இங்கே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் ஊரைவிட்டுப் புறப்படுகிறார்கள். வீடுதோறும் பெண்கள் கூடி அமர்ந்து தீப்பெட்டி ஒட்டிய காலமும் இயந்திரங்கள் வந்தபின் சுருங்கிவிட்டது. திருப்பூர், கோவை, சென்னை, அரபு நாடுகள் என்று பிழைப்பு எங்கோ அழைத்துக்கொண்டு செல்கிறது. 1991ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் நூற்றுக்கு 34 பேர் நகரவாசிகள். 2011இல் அது 48 ஆயிற்று.

இப்படிச் சென்றவர்களை நகரம் என்ன செய்கிறது? "பட்டணம் மனிதர்களைக் கெடுத்துவிடும்" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அது முழு உண்மையன்று.

கரிசல் கிராமத்தின் ஒற்றுமை எங்கிருந்து வந்தது? மழை பெய்தால் ஈரம் காயுமுன் விதைத்தாக வேண்டும். ஒருவர் மாடும் இன்னொருவர் கையும் சேர்ந்தால்தான் காரியம் நடக்கும். ஆகவே ஒருவரையொருவர் பகைத்துக்கொண்டு வாழ இயலாது. அண்டை வீட்டார் எந்தச் சமயத்தவராயினும் "மாமா", "அண்ணாச்சி" என்று முறை வைத்து அழைத்தனர். அது நற்குணம் மட்டுமன்று; தேவையும்கூட. அதே கிராமத்தில் சாதியின் கொடுமையும், பிறர் வீட்டுப் பெண்ணின் படிப்பைப் பற்றிப் புறம் பேசும் வழக்கமும் இருந்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

நகரத்தில் அந்தத் தேவை இல்லை. தண்ணீருக்குக் குழாய், காவலுக்குக் காவலாளி, கடனுக்கு வங்கி. பக்கத்து வீட்டுக்காரரின் தயவின்றி வாழ்ந்துவிடலாம். ஆகவே அவர் பெயர்கூட நமக்குத் தெரிவதில்லை.

இதனை ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்தவர் பேரறிஞர் இப்னு கல்தூன். 1332இல் தூனிஸ் நகரில் பிறந்த அவர், 1377இல் எழுதிய "முகத்திமா" என்னும் நூலில் பாலைவன வாழ்வையும் நகர வாழ்வையும் ஒப்பிடுகிறார். கடும் வாழ்க்கை மனிதர்களைப் பிணைக்கிறது. நகரத்திலோ பாதுகாப்பை மதிலிடமும் காவலரிடமும் ஒப்படைத்துவிடுவதால் அந்தப் பிணைப்பு தளர்கிறது என்பது அவர் கருத்து. ஆயினும் அவர் நகரத்தை வெறுத்தவரல்லர். கல்வியும் கைத்தொழில்களும் நகரத்தில்தான் செழிக்கும் என்று கூறியவரும் அவரே. தம் இறுதிக் காலத்தைக் கெய்ரோ மாநகரில் ஆசிரியராகவும் நீதிபதியாகவும் கழித்து, 1406இல் அங்கேயே மறைந்தார்.

அப்படியானால் நகரம் நம் உறவை அறுப்பதில்லை. உறவைக் காக்கும் கட்டாயத்தைத்தான் நீக்குகிறது. எஞ்சியது நம் கையில் இருக்கிறது.

இதற்குக் கரிசலே சான்று தருகிறது. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் 1923ஆம் ஆண்டு பிறந்த இருவர் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். அழகிரிசாமி சென்னைக்கும் பிறகு கோலாலம்பூருக்கும் பிழைக்கச் சென்றார். நண்பர் ஊரிலேயே இருந்தார். ஆயினும் நட்பு அறுபடவில்லை. அழகிரிசாமி நண்பருக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் நூலாகவே வெளிவந்தன. கி.ரா.வும் 1989இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். 2021இல் மறையும் வரை அந்நகரிலேயே வாழ்ந்தும் கரிசல் மண்ணின் பேச்சையே எழுதினார். தொலைபேசியே அரிதாயிருந்த காலத்தில் ஓர் அஞ்சல் உறை காத்த உறவை, சட்டைப்பையில் கைப்பேசி வைத்திருக்கும் நம்மால் காக்க இயலாதா?

நமக்கு இது வெறும் நாகரிகப் பிரச்சினையன்று. திருக்குர்ஆனின் 4ஆவது அத்தியாயம் 36ஆவது வசனம், பெற்றோருக்கும் உறவினருக்கும் நன்மை செய்யக் கட்டளையிடும் இடத்திலேயே, உறவினரான அண்டை வீட்டாரையும் உறவல்லாத அண்டை வீட்டாரையும் சேர்த்துச் சொல்கிறது. அடுக்குமாடியின் எதிர்க் கதவுக்காரர் இந்த இரண்டாம் வகையினர்தாமே! நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் முதலில் ஓடிவரக்கூடியவரும் அவரே. அவர் வீட்டு முதியவர் படுக்கையில் கிடப்பது நமக்குத் தெரியாதிருந்தால், தொழுகை விரிப்பில் நாம் நின்ற இடத்திற்கும் அவர் படுக்கைக்கும் இடையே இருந்தது ஒரே ஒரு சுவர்தான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஊரில் தனித்திருக்கும் தாய் தந்தையரின் நிலையும் இதுவே. மாதந்தோறும் பணம் போய்ச் சேருகிறது. மகனின் குரல் போய்ச் சேருகிறதா?

சகோதரிகளே, இதற்குப் பெரும் செலவு வேண்டாம். நோன்புக் கஞ்சியில் ஒரு கிண்ணம் எதிர் வீட்டுக்குச் செல்லட்டும். அதைப் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்புங்கள். அவ்வீட்டாரின் பெயரைக் கேட்டு வரச் சொல்லுங்கள். விடுமுறையில் அவர்களைக் கரிசல் மண்ணுக்கு அழைத்துச் சென்று, பாட்டியின் அருகில் ஒரு வாரம் உட்கார வையுங்கள். கிராமத்தில் தேவை நமக்குக் கற்பித்ததை, நகரத்தில் நாம் விரும்பியே கற்க வேண்டும்.

இன்று மாலையே எதிர்க் கதவைத் தட்டி, ஸலாமோ வணக்கமோ சொல்லித் தொடங்குவோமே!