கழிவில் கிடக்கும் செல்வம் யாருக்கு?

பழைய பாட்டரிகளிலும் மின்னணுக் கழிவிலும் கிடக்கும் அரிய உலோகங்களை மீட்கும் தொழிலுக்கென ரூ.1,500 கோடி திட்டமொன்றுக்கு மத்திய மந்திரிசபை 2025 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. நோக்கம் நல்லதே; வரவேற்கிறோம்.

இது ஆகாத காரியமல்ல. உகாண்டா நாட்டின் கிலெம்பே சுரங்கத்தில் தாமிரத்தை எடுத்துக்கொண்டு, கோபால்ட் கலந்த இரும்புக் கந்தகப் பொடியைக் குப்பையாகக் குவித்தார்கள். சுரங்கம் நின்ற பிறகும் குவியல் நின்றது. சுமார் பத்து லட்சம் டன்! மழை பெய்யும் போதெல்லாம் அமில நீர் வழிந்து, அருகிலிருந்த தேசியப் பூங்காவின் புல்வெளியைக் கருக்கியது. 1999-ல் கஸேஸே நகரில் ஆலை எழுந்தது. அங்கே தொட்டிகளில் வேலை செய்தவை பாக்டீரியாக்கள். இரும்பையும் கந்தகத்தையும் கொண்டு உயிர்வாழும் இவை, பொடியைச் சிதைத்துக் கோபால்ட்டை நீரில் கரைய வைத்தன. சுண்ணாம்புக் கல்லால் இரும்பை விலக்கி, ரசாயனங்களால் கரைசலைச் சுத்தம் செய்து, மின்சாரத்தால் கோபால்ட்டைப் பிரித்தார்கள். நஞ்சு விலைபொருளாயிற்று.

மின்னணுக் கழிவிலிருந்து செம்பை எடுக்கவும் இதே வகை பாக்டீரியாக்கள் உதவும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் நம் நாட்டில் நடப்பதென்ன? டெல்லி சீலம்பூரிலும் மொரதாபாத்திலும் கம்ப்யூட்டர் பலகைகளை எரித்தும், வெறுங்கையோடு அமிலத்தில் தோய்த்தும் செம்பும் தங்கமும் எடுத்து வந்திருக்கிறார்கள் ஏழைத் தொழிலாளர்கள். உலோகம் வியாபாரிக்கு; புகை தொழிலாளியின் நெஞ்சுக்கு; சாம்பல் ராமகங்கை ஆற்றுக்கு!

புதிய திட்டம் இவர்களுக்கு என்ன தருகிறது? ஆலைக்கும் இயந்திரத்துக்கும் செலவிடும் நிறுவனத்துக்கு 20 சதவீத மானியம். நிதியில் மூன்றில் ஒரு பங்கு சிறிய, புதிய நிறுவனங்களுக்கு என்கிறார்கள். அன்றாடக் கூலிக்கு நிறுவனம் ஏது? நவீன ஆலை வந்தால் கழிவு அங்கே போகும். அவன் பிழைப்பும் கூடவே போகும். வராவிட்டால் அமிலமே கதி.

ஆகவே நாம் கோருகிறோம்: மானியம் பெறும் ஆலைகள் இத்தொழிலாளர்களை நிரந்தர வேலைக்கு எடுக்க வேண்டும். அவர்கள் கூட்டுறவு சங்கம் அமைத்தால் மானியத்தில் முதலிடம் தர வேண்டும். ஜாம்ஷெட்பூர் தேசிய உலோகவியல் ஆய்வுக்கூடம் போன்றவை மக்கள் பணத்தில் கண்டறிந்த முறைகளை அச்சங்கங்களுக்கு இலவசமாக வழங்க வேண்டும். அமிலக் கழிவைச் சுத்திகரிக்காத ஆலைக்கு ஒரு காசும் தரலாகாது.

கஸேஸேயில் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவுக்குக்கூட காற்றும் உணவும் அளந்து கொடுத்து, சூட்டையும் கட்டுக்குள் வைத்தார்கள். இல்லாவிட்டால் அது வேலை செய்யாது. கண்ணெதிரே நிற்கும் தொழிலாளிக்கு ஒரு ஜோடி கையுறை கொடுக்க சர்க்கார் இன்னும் எதற்காகக் காத்திருக்கிறது?