எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு: சிம்லா ஒப்பந்தம் கைவிடப்பட்டால் என்ன நேரும்? - ஓர் அலசல்

பஹல்காமில் 26 பேர் பயங்கரவாதிகளால் படுகொலை செய்யப்பட்டதைத் தொடர்ந்து, சிந்து நதிநீர் ஒப்பந்தத்தை நிறுத்திவைப்பதாக இந்தியா 2025 ஏப்ரல் 23 அன்று அறிவித்தது. சிம்லா ஒப்பந்தம் உள்ளிட்ட அனைத்து இருதரப்பு ஒப்பந்தங்களையும் நிறுத்திவைக்கும் உரிமை தனக்கு உண்டு என்று பாகிஸ்தான் மறுநாள் பதிலளித்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் சிம்லா ஒப்பந்தம் செத்துப்போன ஆவணம் என்று அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் கவாஜா ஆசிப் கூறினார். எனினும், எந்த ஒப்பந்தத்தையும் ரத்து செய்ய முறையான முடிவு எடுக்கப்படவில்லை என்று பாகிஸ்தான் தரப்பில் பின்னர் விளக்கம் அளிக்கப்பட்டது.

ஜம்மு-காஷ்மீரில் ஏறத்தாழ 740 கிலோமீட்டர் நீளும் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு அந்தப் பெயரையும் தகுதியையும் அளித்தது சிம்லா ஒப்பந்தம்தான். ஒப்பந்தம் இல்லாமல் போனால் கோட்டின் நிலை என்ன என்ற கேள்வி இதனால் எழுந்துள்ளது.

போரின் முடிவில் பிறந்த கோடு

1947-48 போரில் சண்டை நின்ற இடங்களை இணைத்து வரையப்பட்டதே முதல் கோடு. 1949 ஜனவரி 1 முதல் போர் நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. ஐ.நா. ஆணையத்தின் முன்னிலையில் இரு நாட்டு ராணுவப் பிரதிநிதிகள் கராச்சியில் 1949 ஜூலை 27 அன்று கையெழுத்திட்ட உடன்பாடு, போர் நிறுத்தக் கோட்டை நிர்ணயித்தது. அரசியல் தீர்வு எட்டப்படும் வரையிலான தற்காலிக ஏற்பாடாகவே அது கருதப்பட்டது.

1965 போரில் இந்தியா கைப்பற்றிய ஹாஜி பிர் கணவாய், தாஷ்கண்ட் உடன்பாட்டின்படி திருப்பி அளிக்கப்பட்டது. கோடு பழைய இடத்துக்கே வந்தது. ஆனால் 1971 போருக்குப் பின்னர் அவ்வாறு நடக்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 17 அன்று படைகள் நின்ற இடமே புதிய கோடானது. லடாக்கின் துர்துக் உள்ளிட்ட கிராமங்கள் இந்தியாவின் வசம் வந்தன. இரு நாட்டுத் தளபதிகளும் மாதக்கணக்கில் பேசி, 1972 டிசம்பரில் சுசேத்கரில் கோட்டை வரைபடங்களில் குறித்துக் கையெழுத்திட்டனர்.

உரிமைகோரல் வேறு, கோடு வேறு

1972 ஜூலை 2 தேதியிட்ட சிம்லா ஒப்பந்தம் இந்தக் கோட்டை எல்லை என்று எங்கும் குறிப்பிடவில்லை. இரு தரப்பின் நிலைப்பாட்டுக்கும் பாதகமின்றி கோட்டை மதிக்க வேண்டும், எத்தகைய கருத்து வேறுபாடு இருந்தாலும் ஒருதலைப்பட்சமாக அதை மாற்றக் கூடாது என்பதே அதன் சாரம். அதாவது, முழுப் பகுதிக்குமான உரிமைகோரலை எந்த நாடும் கைவிட வேண்டியதில்லை. பாகிஸ்தான் ஆக்கிரமிப்பிலுள்ள பகுதிகள் காலி செய்யப்பட வேண்டும் என 1994 பிப்ரவரியில் இந்திய நாடாளுமன்றம் தீர்மானம் நிறைவேற்றியதற்கும் சிம்லா தடையாக இருக்கவில்லை. விட்டுக்கொடுத்ததாக எவரும் ஒப்புக்கொள்ளத் தேவையில்லாததால்தான் தற்காலிகக் கோடு அரை நூற்றாண்டைக் கடந்து நீடிக்கிறது.

அதன் பயனை இந்தியா 1999-ல் கண்டது. கார்கில் சிகரங்களைப் பாகிஸ்தான் படையினர் ஆக்கிரமித்தபோது, கோட்டைத் தாண்டாமலேயே இந்தியப் படைகள் போரிட்டன. கோட்டை மீறியது யார் என்பதில் உலக நாடுகளுக்கு ஐயம் எழவில்லை. அந்த ஆண்டு ஜூலை 4 அன்று வாஷிங்டனில் வெளியான கிளின்டன்-நவாஸ் ஷெரீப் கூட்டறிக்கையும், சிம்லா ஒப்பந்தப்படி கோடு மதிக்கப்பட வேண்டும் என்றே கூறியது.

வரையப்படாத இடத்தின் பாடம்

கோடு இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு சியாச்சின் சான்று. வரைபடத்தில் என்.ஜே.9842 என்ற புள்ளியுடன் கோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் வடக்கே பனிமலைகளை நோக்கிச் செல்வதாக மட்டுமே கராச்சி உடன்பாடு கூறியது. மனிதர் வாழ இயலாத இடத்துக்கு யாரும் போட்டியிட மாட்டார்கள் என்று அன்று கருதப்பட்டது. அந்தச் சொற்களுக்கு இரு நாடுகளும் வெவ்வேறு பொருள் கொண்டன. 1984 ஏப்ரல் 13 அன்று 'ஆபரேஷன் மேக்தூத்' மூலம் இந்தியப் படைகள் அங்கு உயரங்களைக் கைப்பற்றின. அன்று முதல் குண்டுகளைவிடக் குளிரும் பனிச்சரிவுகளுமே அங்கு அதிக உயிர்களைப் பறித்துள்ளன.

யாருக்கு இழப்பு?

சிம்லா ஒப்பந்தம் அகன்றால் இந்தியாவும் கட்டுப்பாடுகளிலிருந்து விடுபடும் என்ற வாதம் டெல்லியில் ஒலிக்கிறது. அதில் உண்மை உண்டு. ஆனால், பிரச்சினைகளை இரு நாடுகளே பேசித் தீர்க்க வேண்டும், மூன்றாம் தரப்புக்கு இடமில்லை என்ற இந்தியாவின் நிலைப்பாடும் இதே ஒப்பந்தத்தையே பெரிதும் சார்ந்துள்ளது. ஐ.நா. ராணுவப் பார்வையாளர் குழுவின் பணி 1972-உடன் முடிந்துவிட்டது என்பது இந்தியாவின் கருத்து. பாகிஸ்தானோ அக்குழுவிடம் தொடர்ந்து புகார் அளித்து வருகிறது. சிம்லா இல்லையெனில் விவாதம் 1949-க்குத் திரும்பும். அது இஸ்லாமாபாத் நெடுங்காலமாக விரும்புவது.

கோட்டின் அருகே வசிப்போருக்கு இது சட்ட விவாதம் அல்ல. பாதுகாப்பு வேலி கோட்டுக்கு இப்பால் அமைக்கப்பட்டுள்ளதால், சில கிராமங்கள் வேலிக்கும் கோட்டுக்கும் நடுவே சிக்கியுள்ளன. அங்குள்ள மக்கள் அடையாள அட்டையைக் காட்டியே வெளியே சென்று திரும்புகின்றனர். 2020-ல் மட்டும் 5,000-க்கும் அதிகமான போர் நிறுத்த மீறல்கள் நடந்ததாக மத்திய அரசு தெரிவித்தது. 2021 பிப்ரவரி 25 அன்று இரு நாட்டு ராணுவ நடவடிக்கை தலைமை இயக்குநர்கள் கூட்டறிக்கை வெளியிட்ட பிறகு பீரங்கிகள் பெருமளவு ஓய்ந்தன, வயல்களில் மீண்டும் உழவு நடந்தது. 2025 மே மாதம் அந்த அமைதி குலைந்தபோது, பூஞ்ச் பகுதியில் மட்டும் பத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் எறிகணைகளுக்குப் பலியாயினர்.

மே 10 அன்று சண்டையை நிறுத்த உதவியதும் அதே தலைமை இயக்குநர்களின் தொலைபேசி உரையாடல்தான். சிம்லா பற்றிய முழக்கங்களுக்கு இடையிலும் அந்தத் தொடர்பு அறுபடவில்லை. ஆனால் அது துப்பாக்கிகளை மௌனமாக்கும் ஏற்பாடு மட்டுமே. எந்த இடத்தைத் தாண்டினால் மீறல் என்பதைச் சொல்வது, இரு தரப்பும் கையெழுத்திட்ட வரைபடமே. அதற்கு மாற்றாக வேறொன்று உருவாகும் முன்பு அதைக் கைவிடுவது, சியாச்சினில் நேர்ந்ததை 740 கிலோமீட்டருக்கும் விரிவாக்கும் ஆபத்து கொண்டது.