பாட்டனார் துப்பாக்கி

கோடை விடுமுறையில் நாம் குடகுக்குச் சென்றிருந்தோம். கல்லூரி நாட்களில் நம்முடன் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து படித்த நண்பர் ஒருவர், இப்போது மடிக்கேரிக்கு அப்பால் காப்பித் தோட்டமும் வயலுமாக வாழ்கிறார். போய் இறங்கிய அன்றே கூடத்துச் சுவரிலிருந்து ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கியை எடுத்து வந்து நம் மடியில் வைத்தார். பாட்டனார் காலத்தது. தம்பி மனைவிக்கு இன்னும் ஒரு மாதத்தில் பிரசவம். ஆண் மகவு பிறந்தால் வானை நோக்கி ஒரு வேட்டுப் போடுவது குடகர் வழக்கம். அந்த வேட்டு பாட்டனார் துப்பாக்கியிலிருந்தே கிளம்பவேண்டும் என்பது வீட்டிலுள்ள பெரியம்மாளின் ஆசை. அதற்காக இருபத்தைந்து புதுத் தோட்டாக்களும் வாங்கி வைத்தாயிற்று.

"பெண் பிறந்தால் வேட்டு இல்லையா?" என்று கேட்டோம். நண்பர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார்.

குடகு நாட்டில் துப்பாக்கி இல்லாத குடும்பம் அபூர்வம். கைல்போது பண்டிகையில் ஆயுதங்களைத் துடைத்து அடுக்கி, 'தோக் பூ', அதாவது துப்பாக்கிப் பூ, சூட்டி வழிபடுகிறார்கள். அது வேறொன்றுமல்ல, நமது செங்காந்தள்தான். 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தினால் ஆங்கில அரசாங்கம் இத்தேசத்து ஜனங்களை நிராயுதபாணிகளாக்கியபோதும், குடகர்களுக்கு லைசென்ஸ் விலக்கு நிலைத்தது. மற்றவர்களுக்கு அந்த அவமானம் நெடுங்காலம் உறுத்தியது. 1931-இல் கராச்சி காங்கிரஸ், பிரஜைகளின் அடிப்படை உரிமைகளை வரிசைப்படுத்தியபோது, விதிகளுக்குட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையையும் அதில் சேர்த்தது. சுதந்திர இந்தியாவின் 1959-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழும் குடகர்களின் விலக்கு தொடர்கிறது. 2019-இல் மத்திய அரசாங்கம் அதை 2029 வரை நீட்டித்தது. ஆகவே பாட்டனார் துப்பாக்கிகள் அங்கே வீட்டுக்கு வீடு உயிரோடிருக்கின்றன. உயிரோடிருப்பதுதான் சிக்கல்!

"தோட்டா அழகாக உள்ளே போகிறது, அடைத்தால் பூட்டும் விழுகிறது. அப்புறம் என்ன சந்தேகம், ஐயா?" என்றார் நண்பர்.

இந்த வாதம் எவருக்கும் நியாயமாகவே படும். ஆனால் கைகளையும் கண்களையும் வாங்கிய வாதம் இது. 'பன்னிரண்டு போர்' என்பது குழலின் அகலத்தை மட்டும் சொல்லும் கணக்கு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், ஓர் உருண்டையின் குறுக்களவு எதுவோ அதுவே குழலின் உள்ளகலம், சுமார் பதினெட்டரை மில்லிமீட்டர். தோட்டா உட்காரும் அறையின் நீளத்தைப்பற்றி அது ஒரு வார்த்தையும் பேசாது. பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளில் அந்த அறை பெரும்பாலும் இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். இன்று பரவலாக விற்கும் தோட்டாக்களோ 70 மில்லிமீட்டர். வித்தியாசம் ஓர் அரிசிமணி நீளந்தான். ஆனால் அந்த 70 என்பது சுட்ட பிறகு வாய் விரிந்த தோட்டாவின் நீளம். சுடுமுன் அதன் வாய் மடித்து மூடியிருப்பதால் அறுபத்தைந்துக்கும் குறைவாகவே நிற்கும். குட்டையான அறைக்குள் சமர்த்தாகப் போய் உட்காரும். சுட்டதும் வாய் விரிய இடமின்றி, குழல் ஒடுங்கும் கழுத்தில் போய் அடைத்துக்கொள்ளும். ரவையும் வாயுவும் அந்த நெருக்கலில் திணறி வெளியேற, அழுத்தம் ஏறுகிறது. முதல் வேட்டில் ஒன்றும் ஆகாமல் போகலாம். அதுவே பின்னும் துணிச்சல் தந்து கெடுக்கும்.

அகலத்திலும் ஒரு மோசம் உண்டு. இருபது போர் தோட்டா சற்று மெல்லியது. தவறி அதைப் பன்னிரண்டு போர் துப்பாக்கியில் இட்டால், அறையைத் தாண்டி வழுக்கிச் சென்று குழலில் சிக்கி நிற்கும். பார்ப்பவருக்கு அறை காலியாகத் தோன்றும். அதன் பின்னால் பன்னிரண்டை இட்டுச் சுட்டால் குழல் பிளக்கும். இருபது போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் பூசும் வழக்கம் இதனால்தான் வந்தது.

நாம் துப்பாக்கிக்காரரல்லர். பயிர்க்காவலுக்கு நமது பெரியப்பா வைத்திருந்த துப்பாக்கியைத் துடைத்துக் கொடுப்பது சிறுவயதில் நம் வேலை. அந்த உறவினால் படித்து அறிந்தவையே இவை. ஆகையால் நண்பரிடம், முதலில் இரண்டு அறைகளும் காலியா என்று பார்த்துக்கொண்டு, குழலைக் கழற்றச் சொன்னோம். குழலின் அடிப்புறத் தட்டையில்தான் அதன் ஜாதகம் பொறித்திருக்கும். இங்கிலாந்தில் எந்தத் துப்பாக்கியும் பரீக்ஷைச் சாலையில் சாதாரணத்தைவிடப் பெரிய மருந்தோடு சுடப்பட்டுத் தாங்கினால்தான் முத்திரை பெறும். லண்டன் சங்கம் 1637-இல் சாசனம் பெற்றது. பர்மிங்ஹாம் சாலை 1813-இல் ஏற்பட்டது. நாம் தேடியது, கிரீடத்தின் கீழ் ஆங்கில எழுத்துக்களில் 'என். பி.' என்ற முத்திரையை. பர்மிங்ஹாமில் 1904 முதல் புகையில்லா மருந்துக்குப் பரீக்ஷித்த குழல்களில் அதைப் பொறித்தார்கள். 1954 முதல் 'பி. என். பி.' என்று மாறி, தாங்கும் அழுத்தத்தையும் டன் கணக்கில் சேர்த்தார்கள்.

நண்பரின் குழலில் குறுக்காக வைத்த இரு செங்கோல்கள், மேலே கிரீடம். 1904-க்கு முந்தைய முத்திரை. வைரக் கட்டத்துக்குள் 12 என்ற எண். 'என். பி.' எங்குமில்லை. கருமருந்துக்கென்று பிறந்த துப்பாக்கி அது. அளவுக்கிண்ணத்தில் கருமருந்து கொள்ளும் இடத்தைப் புகையில்லா மருந்தால் நிரப்பினால் சக்தி பன்மடங்காகும். அம்மாதிரி அடைத்து அக்காலத்தில் வெடித்த துப்பாக்கிகள் பல.

குழலின் மேல் நீரலைபோல் கோடுகள் ஓடின. இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சேர்த்துக் காய்ச்சிய டமாஸ்கஸ் வேலை. அழகைக் கண்டு மயங்கவும் கூடாது. டமாஸ்கஸ் என்றதும் குப்பையில் எறியவும் கூடாது. புகையில்லா மருந்துக்கு முறைப்படி தேறி முத்திரை பெற்ற டமாஸ்கஸ் குழல்களும் உண்டு. முத்திரையில்லாத வெறும் எஃகுக் குழல்களும் உண்டு. முத்திரை பெற்ற குழலும் துருவைத் தேய்த்துத் தேய்த்து அகன்றுவிட்டால் அந்த முத்திரை செல்லாது. ஈயத்துக்குப் பதில் இரும்பு ரவை அடைத்த வீரியத் தோட்டாக்களுக்கோ தனிப் பரீக்ஷை. லில்லிப்பூ முத்திரை இல்லாத குழலில் அவற்றை இடவே கூடாது.

கழற்றிய குழலை விரலில் தொங்கவிட்டு முட்டியால் தட்டினோம். மணிபோல் ஒலித்தால் இரு குழல்களையும் சேர்த்த பற்றவைப்பு திடமாயிருக்கிறதென்று அர்த்தம். இது ஓட்டைப் பானைபோல் 'தொப்' என்றது. நண்பரின் முகம் வாடிற்று.

"அப்படியானால் குட்டைத் தோட்டா வாங்கி வருகிறேனே?" என்றார். நீளம் பொருந்தினாலும் மருந்து பொருந்தவேண்டுமே! துப்பாக்கி மிஸ்திரியிடம் காட்டி அறையையும் குழலையும் அளக்கட்டும், மறுபரீக்ஷைக்குத் தகுமா என்று அவர் சொல்லட்டும் என்றோம். பரீக்ஷையில் குழல் வெடித்தால் துப்பாக்கி போயிற்று. ஆனால் அங்கே அதைக் கையில் பிடித்துக்கொண்டு எவரும் நிற்பதில்லை. பெரியம்மாளுக்கு நம் பேச்சு ரசிக்கவில்லை. அவள் மாமனார் இதே துப்பாக்கியால் எத்தனை பன்றி அடித்தார் என்று கணக்குச் சொன்னாள். அவர் அடித்தது கருமருந்தால் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. நண்பர்தான் மெதுவாகச் சொன்னார்.

சென்ற வாரம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. மிஸ்திரி அளந்து பார்த்ததில் அறை இரண்டரை அங்குலமே. இடக்குழலில், பாதி தூரத்தில், உள்ளே துரு அரித்த குழிகளும் இருக்கின்றனவாம். பிறந்தது பெண் குழந்தை. அண்டை வீட்டுக்காரர் தம் புதுத் துப்பாக்கியோடு வந்து முற்றத்தில் ஒரு வேட்டுப் போட்டாராம். போடச் சொன்னவள் பெரியம்மாள். பாட்டனார் துப்பாக்கி கூடத்து விளக்கின் கீழ் இருக்கிறது. வாங்கிய இருபத்தைந்து தோட்டாக்களை அண்டை வீட்டாருக்கே கொடுத்துவிட்டதாகவும், குழந்தைக்கு ஒரு நல்ல பெயர் சொல்லும்படியும் எழுதியிருக்கிறார்.